நாலரை மணி அலாரம்

விடிகாலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் அலாரம் அடிக்கும். அடுப்புப் பற்ற வைக்க அல்ல, என் மகன் ஓடுவதற்கு! பன்னிரண்டாவது முடித்த கையோடு, "அம்மா, நான் மிலிட்டரிக்குப் போறேன்" என்று ஒரே பிடியாக நின்றான். ஒத்தைப் பிள்ளை. எனக்கு அடிவயிறு கலங்கியது. அவன் அப்பா, "போகட்டுமே" என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பிள்ளையார்பட்டிக்குப் போகும்போதெல்லாம், 'இவன் தேறக் கூடாது, பிள்ளையாரப்பா' என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் இப்படியும் வேண்டுவாளா என்று கேட்காதீர்கள். வேண்டினேன், அதுதான் வாஸ்தவம்.

எடுத்த எடுப்பில் ஓடலாமா?

முதல் வாரமே தார் ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓடினான். எட்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. காலை ஊன்ற முடியவில்லை. எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, காங்கிரீட் போட்டா தண்ணி ஊத்தி நாள் விடுறோமில்ல? எலும்புக்கும் அப்படித்தான். மூச்சு சில வாரத்துல பழகிரும். எலும்பும் நரம்பும் பழக மாசக்கணக்காகும்" என்றார்.

வலி தீர்ந்த பிறகு அவர் சொன்னபடி நடந்தான். தார் ரோட்டை விட்டு மண் தரையில் ஓட்டம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று ஆரம்பித்து, வாராவாரம் சிறிதே கூட்டினான். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு. மற்றொரு நாள் குன்றக்குடி மலைப் படிகளில் ஏறி இறங்குவான்.

2022-இல் வந்த அக்னிவீர் திட்டத்தில், 1.6 கிலோ மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வர 10 தரம் எழும்பினால்தான் அதற்கும் முழு மதிப்பெண். 9 அடிப் பள்ளத்தையும் தாண்ட வேண்டும். விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மலை சொல்லும் பாடம்

பனிமலைக்குப் போகிற ஜவான்களை எடுத்த எடுப்பில் உச்சிக்கு ஏற்றிவிடுவதில்லை. 9,000 அடிக்கு மேல் போனதும் முதலில் ஆறு நாள் அங்கேயே பழக வேண்டும். அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. 12,000 அடியைத் தாண்டினால் இன்னும் நான்கு நாள். 15,000 அடியைத் தாண்டினால் மறுபடி நான்கு நாள். உயரே போகப் போக பிராணவாயு குறைகிறது. எவரெஸ்ட் உச்சியில், அதாவது 8,849 மீட்டர் உயரத்தில், நமக்கு இங்கே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் குறைச்சலைத் தாங்க உடம்பு ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். எத்தனை பலசாலியானாலும் அவசரப்பட்டால் தலைவலி, வாந்தி. முற்றினால் உயிருக்கே ஆபத்து.

நம் பெண்களும் இப்படிப் பொறுமையாகத்தான் ஏறியிருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு குழந்தைகளின் தாய். ஜப்பானிய மொழி கற்பித்தவர். 2023 மே 23-இல் எவரெஸ்டைத் தொட்டார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவர்தான் முதல்வர். சரியாக 39 வருஷம் முன்பு, 1984-இல் அதே மே 23-இல்தான் பச்சேந்திரி பால் இந்தியப் பெண்களில் முதலாவதாக ஏறினார். அந்தப் பச்சேந்திரி பாலிடம் பயிற்சி பெற்ற ஜாம்ஷெட்பூர் இல்லத்தரசி பிரேம்லதா அகர்வால், 2011-இல் எவரெஸ்ட் ஏறியபோது அவருக்கு வயது 48! 'நாற்பது தாண்டிவிட்டதே' என்று உட்கார்ந்துவிடுகிற நாம் என்ன சொல்லப் போகிறோம்?

மனசுக்கும் பயிற்சி உண்டு

"முழுத் தூரத்தையும் நினைக்காதே. அடுத்த கரண்ட் கம்பம் வரைக்கும் நினை. அது வந்ததும் அதுக்கு அடுத்தது" என்பார் பெரியவர். பயம் வந்தால் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கும்கூட இது உதவும்.

திரும்பி வரத் தெரிவதும் தைரியம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு நானும் பிரான்மலை ஏறினேன். பாதி வழியில் எனக்குத் தலை சுற்றியது. விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "ஏறிடுவேன்டா தம்பி" என்றேன். அவன் என் கையைப் பிடித்து, "மலை எங்கயும் போயிடாதும்மா. இன்னொரு நாள் வரலாம்" என்று இறக்கிக் கூட்டி வந்தான். அன்றைக்குத்தான் என் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று எனக்குப் பட்டது.

நம் கையில் இருப்பது

டப்பாவில் விற்கிற சத்துப் பொடிகளை நான் வாங்கவில்லை. கம்பங்கூழ், கேழ்வரகு, வேகவைத்த கடலை, பயறு, முட்டை, மோர் இவையே போதுமானதாக இருந்தது. நம் சீமை வெயிலுக்கு, வியர்வையில் போகிற உப்புக்கு உப்புப் போட்ட மோர் நல்ல மாற்று. ஓடும்போது தலை கிறுகிறுத்தால் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். பேச்சுக் குழறினாலோ மயங்கினாலோ மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஈரத்துணியால் உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். ராத்திரித் தூக்கம் எட்டு மணி நேரம் கட்டாயம். செல்போனை நேரத்தோடு நான் வாங்கி வைத்துவிடுவேன்!

சகோதரிகளே, நம் விஷயத்துக்கும் வருவோம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. மலையேறாமலே, மாடிப்படியிலேயே நமக்கு மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரையும் பயறும் சாப்பிடும்போது எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ வேண்டாம்.

கடைசியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? எழுத்துத் தேர்வில் தேறினான். ஓட்டத்திலும் தேறினான். ஆனால் இறுதிப் பட்டியலில் பேர் இல்லை. நான் வேண்டியதுதான் பலித்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்குள் போய் அழுதேன். பழக வேண்டியிருந்தது அவன் மட்டுமில்லை, நானும்தான் என்று அப்போது புரிந்தது.

மறுநாள் அவனுக்கு முந்தி நான் எழுந்தேன். "வயசு இன்னும் இருக்கேடா, எழுந்திரு தம்பி" என்று நானே எழுப்பினேன். இப்போது அலாரம் வைப்பது நான்தான். அவன் ஓடி முடித்து வருவதற்குள் நானும் ஊருணியை நாலு சுற்று சுற்றிவிடுகிறேன். பிள்ளையாரிடம் வேண்டுதலையும் மாற்றிக்கொண்டேன்.