இணைய வாணிபம் – 9: வருவோரின் தரம் அறிதல்

இணையதளம் ஒன்றை அமைத்து, அது தேடுபொறிகளின் கண்ணில் படும்படி செய்வது எவ்வாறு என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். தளம் அமைந்து, நாலு பேர் வந்துபோகத் தொடங்கிய பிறகு அதன் சொந்தக்காரர் உள்ளத்தில் இயல்பாக எழும் முதற் கேள்வி, இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதே. கேட்பதில் குற்றமில்லை, ஆயினும் அதற்குக் கிடைக்கும் விடையை மாத்திரம் நம்பிப் பணத்தையும் உழைப்பையும் செலவிடுகிறவர்கள், கூட்டம் பெருகியும் வியாபாரம் பெருகாத காரணம் புரியாமல், நாளடைவில் மனம் சோர்ந்து தளத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். தேர்த் திருவிழாவன்று வாசலைக் கடந்து செல்லும் ஜனத்திரளைக் கொண்டு எந்தக் கடைக்காரரும் அன்றைய வரவைக் கணிப்பதில்லை. உள்ளே வந்து, சரக்கைக் கையிலெடுத்து, விலை கேட்டவர் எத்தனை பேர் என்பதையே அவர் மனம் கணக்கிடுகிறது. அந்த விவேகத்தை இணையத்தில் கைக்கொள்ளும் மார்க்கமே இவ்வாரத்து விஷயம்.

1990-களின் நடுப்பகுதியில் தளங்களின் பெருமையை ‘ஹிட்’ என்னும் அளவால் சொல்வது வழக்கமாயிருந்தது. வாசகரின் கணினி கேட்டுப் பெறும் ஒவ்வொரு கோப்பையும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுமாதலால், பத்துப் படங்கள் கொண்ட ஒரு பக்கத்தை ஒரே ஒருவர் ஒரே முறை திறந்தாலும், அது 11 ஹிட்டுகளாகக் கணக்கில் ஏறிவிடும். பதிவேட்டைப் பகுத்து ஆராயும் கருவிகள் பின்னர் பெருகின. அவற்றுள் ஒன்றை இயற்றிய, சான் டியாகோ நகரத்து அர்ச்சின் ஸ்தாபனத்தை 2005-இல் கூகுள் விலைக்கு வாங்கி, அதன் கருவியை அவ்வாண்டு நவம்பரிலேயே கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வழங்கவே, பணம் படைத்த நிறுவனங்களுக்கு எட்டியிருந்த ஆராய்ச்சி சிறு வியாபாரிக்கும் கைகூடியது.

ஆனால் கருவி காட்டும் எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியாமல் அதை ஆதாரமாகக் கொள்வது ஆபத்து. பழைய அனலிட்டிக்ஸ், ஒரு பக்கம் திறந்ததற்கும் அடுத்த பக்கம் திறந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தையே வாசிப்பு நேரமாகக் கொண்டது. ஆகவே, ஒரே கட்டுரையைப் பத்து நிமிஷம் ஊன்றிப் படித்து, தேடியது கிடைத்த திருப்தியோடு வெளியேறியவரின் நேரம் 0 என்றே பதிவாயிற்று. அவரும், வழி தவறி வந்து மறுகணமே ஓடியவரும் ‘பவுன்ஸ்’ என்ற ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டனர். இப்போது வழக்கிலுள்ள நான்காம் பதிப்பு, 10 வினாடி தங்கியவரையோ, இரண்டு பக்கங்களேனும் பார்த்தவரையோ, நாம் முக்கியமென்று குறித்துவைத்த செயலைச் செய்தவரையோ ஈடுபாடுள்ள வருகையாகக் கொள்கிறது. இது முன்னையதைவிட நியாயமானது. எனினும் 10 வினாடி என்பது தலைப்பைப் படிக்கவே சரியாயிருக்கும். தளங்களின் வருகையை அளந்து சொல்லும் சார்ட்பீட் ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த டோனி ஹெய்ல், 2014-இல் டைம் பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில், தாம் ஆராய்ந்த வருகைகளில் 55 சதவீதம் 15 வினாடிக்கும் குறைந்த கவனத்தோடு முடிந்துவிட்டதாகத் தெரிவித்தார். எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வாசிப்பே நிகழவில்லை என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் தரமான வருகையை எதைக்கொண்டு நிர்ணயிப்பது? தளம் எதற்காக இருக்கிறது என்பதை அதன் சொந்தக்காரர் முதலில் நிர்ணயித்துக்கொண்டாலன்றி, எந்தக் கருவியாலும் இதற்கு விடை கூற இயலாது. 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்காகப் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு நடத்திய பரீட்சை இதற்கு நல்ல உதாரணம். தளத்துக்கு வருகிறவர் தம் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அக்குழுவினர் வகுத்துக்கொண்ட லட்சியம். டான் சைரோக்கரின் பொறுப்பில் 2007 டிசம்பரில் நடந்த அப்பரீட்சையில், 4 வகைப் பொத்தான்களும், படமும் வீடியோவுமாக 6 வகைக் காட்சிகளும் சேர்ந்த 24 அமைப்புகள், 3,10,382 வருகையாளருக்குப் பிரித்துக் காட்டப்பட்டன. குழுவினர் பெரிதும் விரும்பியது ஒரு வீடியோவையே. ஆனால் வீடியோக்கள் யாவும் படங்களுக்குப் பின்தங்கின. ஒபாமாவின் குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பொத்தானும் சேர்ந்த அமைப்பு, பதிவு விகிதத்தை 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்த்திற்று. பதிவான முகவரி ஒவ்வொன்றும் பிரசார காலத்தில் சராசரியாக 21 டாலர் நன்கொடை ஈட்டியதென்று சைரோக்கர் கணக்கிட்டிருப்பதால், அவர்கள் கொண்ட லட்சியம் பயனுள்ளது என்பதும் கூடவே உறுதிப்பட்டது.

லட்சியம் நிலைபெற்ற பிறகு, அதை நிறைவேற்றுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஆராய வேண்டும். இது இணையம் கண்டுபிடித்த யுக்தியன்று. 1923-இல் ‘சயன்டிஃபிக் அட்வர்டைசிங்’ என்ற நூலை எழுதிய கிளாட் ஹாப்கின்ஸின் காலத்திலேயே, விளம்பரத்தோடு அச்சிட்ட கூப்பனில் பத்திரிகைக்கொரு குறி வைத்து, திரும்பி வரும் கூப்பன்களை எண்ணி, எந்தப் பத்திரிகைக்குக் கொடுத்த பணம் பலித்தது என்று கண்டறிந்தார்கள். நாம் வெளியிடும் இணைப்பின் வாலில் சேர்க்கும் ‘யுடிஎம்’ குறி அதே வேலையைச் செய்கிறது. வாட்ஸப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருகிறவர், இக்குறி இல்லாவிடில், முகவரியைத் தாமே தட்டச்சு செய்து வந்தவர்போல ‘நேரடி’ என்ற கணக்கில் கலந்துவிடுவது பெரும்பாலும் நிகழ்வதாகையால், சிறு வியாபாரிகள் இதில் சிரத்தை காட்ட வேண்டும்.

கோயம்புத்தூரில் பம்புசெட் விற்கும் ஒருவரின் தளத்துக்கு முகநூல் விளம்பரத்தால் 1,000 பேர் வந்து 2 பேர் விலை விசாரித்தார்கள் என்றும், தேடுபொறி வழியாக 100 பேர் வந்து 8 பேர் விசாரித்தார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் வழியில் வந்த ஒருவர் முதல் வழியில் வந்த 40 பேருக்குச் சமம். ஒரு வாரக் கணக்கை வைத்தே முடிவு கட்டிவிடாமல், மாதங்கள் சில கழிந்தும் இதே நிலை நீடிக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை இடம் மாற்றுவது உத்தமம்.

இத்தகையோரை மேலும் வரவழைக்க வழி, அவர்கள் கேட்டு வந்த கேள்வியிலேயே இருக்கிறது. என்ன சொற்களைத் தேடியபோது நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்பதைக் கூகுள் சர்ச் கன்ஸோல் இலவசமாகவே தெரிவிக்கிறது. ‘மோட்டார் பம்பு’ என்று தேடுகிறவர் மாணவராகவும் இருக்கலாம், வேடிக்கை பார்ப்பவராகவும் இருக்கலாம். ‘300 அடி போர்வெல்லுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் வேண்டும்’ என்று தேடுகிறவரோ, தோட்டத்தில் போர் போட்டுவிட்டு, தவறான மோட்டாரை வாங்கிப் பணத்தை இழந்துவிடுவோமோ என்ற கவலையோடு உட்கார்ந்திருப்பவர். ஆழத்தோடு நீர்மட்டமும், தேவைப்படும் நீரின் அளவும், குழாயின் விட்டமும் தெரிந்தாலன்றி ஹெச்.பி.யைச் சொல்ல முடியாது என்பதை அவருக்கு விளங்கும்படி, தம் சரக்கின் புகழ்ச்சி கலவாமல் ஒரு பக்கம் எழுதிவைப்பாரானால், அந்தப் பம்புசெட் வியாபாரி விளம்பரத்தால் பெற முடியாத நம்பிக்கையைப் பெறுவார்.

இவ்வளவையும் செய்யும்போது, தனி மனிதர் ஒருவரின் அந்தரங்கத்தைத் துருவிப் பார்ப்பது நமது வேலையன்று என்பதை மறக்கலாகாது. ஐரோப்பாவில் 2018-இல் அமலுக்கு வந்த ஜி.டி.பி.ஆர். சட்டமும், இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தோன்றுவதற்கு, அந்த எல்லையைப் பலர் மீறியதே காரணம். கூட்டத்தின் போக்கை அறிவதற்கு ஒருவரின் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. இன்னாருக்கு இன்ன உதவி வேண்டியிருக்கிறது என்று கண்டு, அதைப் பிறரைவிடச் செம்மையாகச் செய்து கொடுப்பதற்கே இந்தக் கணக்கெல்லாம். அந்த நோக்கோடு பார்க்கிறவருக்கு, பத்துப் பேர் வந்த நாளும் பயனற்ற நாளாகாது.

வந்தவர் பாதி வழியில் திரும்பிவிடுவது எந்தப் பக்கத்தில், எக்காரணத்தால் என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.

(தொடரும்)