பிரிவு மாறினால் தண்டனையும் மாறும்! போக்சோ மேல்முறையீட்டில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

குழந்தையிடம் அத்துமீறியவருக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும், 'அப்பாடா, முடிந்தது' என்று அந்தக் குடும்பம் மூச்சுவிடும். சட்டத்தின் கணக்கில் அது பாதி வழிதான். தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தவறாகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைக் காப்பாற்றவும் அந்த வழி வேண்டும் என்பதால், அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மேல்முறையீட்டில் எழுவது 'குற்றம் நடந்ததா?' என்ற கேள்வி மட்டுமல்ல. 'நடந்தது எந்தப் பிரிவில் வரும்?' என்பதும் கேட்கப்படும். இந்த இரண்டாவது கேள்வியின் பதிலைப் பொறுத்து, சிறைக்காலம் பல ஆண்டுகள் கூடலாம், குறையலாம்.

நான்கு படிகள்

18 வயதுக்கு உட்பட்டவர்களைக் காக்க 2012-ல் வந்தது போக்சோ சட்டம். அதில் உள்ள பாலியல் தாக்குதல் குற்றங்களை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

பாலியல் நோக்கத்தோடு குழந்தையைத் தொடுவது முதல் படி. 8-ம் பிரிவின்படி 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. அதே செயலைக் காவலர், ஆசிரியர், நெருங்கிய உறவினர் போன்றவர்கள் செய்தாலோ, குழந்தை 12 வயதுக்கு உட்பட்டதாக இருந்தாலோ அது கடுமையான குற்றமாகிவிடும். அதற்கு 10-ம் பிரிவில் 5 முதல் 7 ஆண்டுகள்.

உடலுக்குள் ஊடுருவும் வன்கொடுமை மூன்றாவது படி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 4-ம் பிரிவில் இதற்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள். குழந்தை 16 வயதுக்கு உட்பட்டிருந்தால் 20 ஆண்டுகள். இதிலும் கடுமையான வகை 6-ம் பிரிவில் வருகிறது. குறைந்தபட்சம் 20 ஆண்டுகள், அதிகபட்சம் மரண தண்டனை.

ஒரு படி கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் சாட்சி.

துணிக்கு மேல் தொட்டால் குற்றமில்லையா?

நாக்பூரில் 2016-ல் 12 வயதுச் சிறுமியிடம் ஒருவர் அத்துமீறினார். விசாரணை நீதிமன்றம் போக்சோ 8-ம் பிரிவில் 3 ஆண்டுகள் சிறை விதித்தது. 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, சிறுமியின் ஆடைக்கு மேலாகத்தான் தொட்டார், தோலோடு தோல் படவில்லை என்று சொல்லி, அவரைப் போக்சோவிலிருந்து விடுவித்தது. பெண்ணின் மானத்துக்குக் களங்கம் விளைவிப்பது தொடர்பான இந்திய தண்டனைச் சட்டம் 354-ம் பிரிவில் 1 ஆண்டு சிறை மட்டும் நிலைத்தது.

கவனியுங்கள், சம்பவம் நடக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லவில்லை. பெயரைத்தான் மாற்றியது. 3 ஆண்டு, 1 ஆண்டானது.

நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபாலே உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஒரு கிரிமினல் வழக்கில் அப்படி நடப்பது மிக அரிது. 'இந்தத் தீர்ப்பு நின்றால், கையுறை மாட்டிக்கொண்டு தொடுபவரும் தப்பிவிடுவாரே' என்பது அவர் வாதம். 2021 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. தோல் பட்டதா என்பதல்ல, பாலியல் நோக்கம் இருந்ததா என்பதே முக்கியம் என்று தெளிவுபடுத்தியது. 3 ஆண்டு தண்டனை திரும்பி வந்தது.

வயதை மறந்த தீர்ப்பு

இன்னொரு வழக்கு உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்தது. 12 வயதுக்கு உட்பட்ட சிறுவனுக்கு வாய்வழி வன்கொடுமை செய்தவருக்கு, விசாரணை நீதிமன்றம் 6-ம் பிரிவில் 10 ஆண்டுகள் விதித்தது. 2019 திருத்தத்துக்கு முன் நடந்த குற்றம் என்பதால், அப்போதிருந்த குறைந்தபட்சத் தண்டனை அதுதான். 2021 நவம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதை 4-ம் பிரிவுக்கு இறக்கி, 7 ஆண்டுகளாகக் குறைத்தது.

மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. குழந்தை 12 வயதுக்கு உட்பட்டது என்றாலே அது கடுமையான குற்றம்தான், சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போக நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2023 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மீண்டும் 10 ஆண்டுகள்.

மேல்முறையீட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

பொதுவாக, குழந்தையை மறுபடி கூண்டில் ஏற்ற மாட்டார்கள். விசாரணை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியம், மருத்துவ அறிக்கை, வயதுச் சான்று ஆகியவற்றைத்தான் உயர் நீதிமன்றம் மறுபடி எடைபோடும். நேரில் போய்ப் பார்ப்பது அபூர்வம். வாச்சாத்தி வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023-ல் அந்தக் கிராமத்துக்கே சென்று பார்த்துவிட்டு, அதன் பிறகு தண்டனைகளை உறுதி செய்தார். எல்லா வழக்கிலும் அப்படி நடக்காது. எனவே ஆரம்பத்தில் பதிவாகும் ஒவ்வொரு வரியும் முக்கியம்.

குறிப்பாக வயது. குழந்தைக்கு 11 வயதா, 13 வயதா என்பதே பிரிவை மாற்றிவிடும். பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் பத்திரமாக வைத்திருந்து, விசாரணையின் தொடக்கத்திலேயே தாக்கல் செய்யச் சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கு என்ன உரிமை?

2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவர் தரப்பே மேல்முறையீடு செய்யலாம். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ம் பிரிவில் உள்ளது. குற்றவாளி விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கான பிரிவில் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ இந்த உரிமை உண்டு.

பிரிவு சரியாக இருந்து, ஆண்டுகள் மட்டும் போதவில்லை என்றால் குடும்பம் இந்த வழியில் செல்ல முடியாது. அதற்கு அரசுதான் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் கூறியிருக்கிறது. ஆக, தீர்ப்பு நகல் கையில் வந்ததும் எத்தனை ஆண்டு என்பதை மட்டும் பார்க்காமல், எந்தப் பிரிவு என்பதையும் பார்ப்பது அவசியம். பிரிவைக் குறைத்தது உயர் நீதிமன்றமே என்றால், சிறப்பு அனுமதி மனு மூலம் உச்ச நீதிமன்றத்தை அணுகலாம்.

எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தாலும் குடும்பம் வெறும் பார்வையாளர் அல்ல. புலன்விசாரணை முதல் மேல்முறையீடு வரை பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம்.

மேலே சொன்ன இரண்டு வழக்குகளிலும் கீழே இறங்கிய பிரிவு தானாக மேலே ஏறவில்லை. காலத்தோடு ஒருவர் மனுப் போட்டதால்தான் ஏறியது.