வயசு யார் கையில்?

குழந்தைப் பருவம் வரலாற்றில் கட்டமைக்கப்பட்டது என்று 1960இல் எழுதினார் பிரெஞ்சுக்காரர் பிலிப் ஏரியே. அது ஐரோப்பியக் கதை. நம்ம குடியாத்தம் பக்கம் அதைத் தீர்மானித்தது முன்பணம். அப்பன் வாங்கின கடனுக்குப் பிள்ளை போய் பீடி முனை மடக்கும். கூலியில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அசல் மட்டும் அசையாது. 1990களிலும் நடந்த சங்கதி இது.

சட்டம் இல்லாமலா? பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பது செல்லாதென்று 1933லேயே சட்டம் வந்தது. தொழிற்சாலையில் சேரக் குறைந்தபட்ச வயது 1881இல் 7, 1891இல் 9, 1922இல் 12, 1948இல் 14. எந்த வயதில் ஒருத்தன் கூலியாகலாம் என்பதை அரசு பேரம் பேசிய வரலாறு என்றும் இதை வாசிக்கலாம். 1986 சட்டம் பீடி, தோல் பதனிடுதல் இரண்டிலும் 14க்குக் கீழே கூடாதென்றது. ஆனால் குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு. பீடி சுற்றுவதே வீட்டில்தானே, அப்புறம் எதற்குத் தடை?

இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்டை வீட்டுப் பத்து வயசுப் பிள்ளை, தலை நரைத்த தலித்தை ‘டேய்’ என்று கூப்பிட்ட கிராமங்கள்தாம் இவை. சாதி அவரைக் கடைசிவரை ‘பையனாகவே’ வைத்திருந்தது. அவர் பேரனையோ கடன் ஏழு வயசில் பெரிய ஆளாக்கியது. ஆண்டை மகனுக்கு மட்டும் இரண்டும் வாய்த்தது: வீட்டில் குழந்தை, தெருவில் எசமான்.

2016 திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை ‘உதவலாம்’ என்கிறது. கடன்பட்ட வீட்டில் எது உதவி, எது வேலை என்று யார் பிரித்துச் சொல்வது? பெண்பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.