ஜாரியாவின் குழந்தைகள்: மன உறுதியும் மறுக்கப்பட்ட உரிமையும்

ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் மாவட்டத்தின் ஜாரியா நிலக்கரி வயலில் நிலத்தடித் தீ முதன்முதலில் 1916இல் கண்டறியப்பட்டது. நூறாண்டுகளைக் கடந்தும் அது முழுமையாக அணையவில்லை. தரை வெடித்துப் புகை எழும் குடியிருப்புகளில் குழந்தைகள் வளர்கிறார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தில் இறங்கி, சிதறிய கரியைப் பொறுக்கிக் கூடையில் சுமந்து ஏறுகிறார்கள். அவர்களுள் ஒருவர் படித்து முன்னேறினால் 'மன உறுதியின் வெற்றி' என்று பாராட்டுகிறோம். அத்தனை உறுதி ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை.

இந்த வறுமைக்குச் சாதி வரலாறு உண்டு. தொடக்க காலச் சுரங்கங்களில் கரி வெட்டியவர்களிலும் சுமந்தவர்களிலும் சந்தால் பழங்குடியினரும், இன்று பட்டியல் சாதியினராக உள்ள பாவுரி மக்களும் பெருமளவில் இருந்தனர். கணவர் வெட்ட, மனைவி சுமக்க, குடும்பமாக உழைத்தனர். 1929ஆம் ஆண்டு விதிகள் பெண்களை நிலத்தடிப் பணியிலிருந்து படிப்படியாக விலக்கின. பாதுகாப்பின் பெயரால் வந்த அத்தடை, இழந்த கூலிக்கு ஈடு எதுவும் தரவில்லை.

1971 முதல் 1973 வரை நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. நிரந்தரப் பணியாளர் பதிவேட்டில் பெயர் ஏறிய குடும்பங்களுக்கு ஊதிய ஒப்பந்தம், குடியிருப்பு, மருத்துவம் ஆகியவை கிடைத்தன. பிள்ளைகளின் படிப்புக்கு வழி பிறந்தது. பெயர் ஏறாத குடும்பங்களும், பின்னர் ஒப்பந்தக் கூலிகளானோரும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றனர். அதே தீ, அதே புகை, அதே மனத்துணிவு. வேறுபட்டது பதிவேடு மட்டுமே.

ஆகவே, மீண்டெழும் ஆற்றலைத் தனிமனிதப் பண்பாக மட்டும் நாம் காண இயலாது. நிலையான கூலியும் தொழிற்சங்கமும் பள்ளியும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. ஏ.கே.ராய் போன்றோர் தன்பாத்தில் தொழிலாளரைத் திரட்டியபோது கோரியது இரக்கத்தை அன்று, உரிமையை.

இன்றைய மறுகுடியமர்த்தலிலும் பதிவேடே தீர்ப்பு எழுதுகிறது. 2009இல் ஒப்புதல் பெற்ற ஜாரியா திட்டம், நில ஆவணம் உள்ளவரையும் இல்லாதவரையும் வெவ்வேறாக நடத்தியது. தலைமுறைகளாக நிலமற்றவர்களாக வைக்கப்பட்ட மக்களிடம் ஆவணம் கேட்பது சாதி அநீதியின் தொடர்ச்சியே. பேல்காரியா குடியிருப்புக்கு மாற்றப்பட்டோருக்கு வீடு கிடைத்தது. பிழைப்போ தொலைவில் போயிற்று.

2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியது. குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவை அதன் முன்னுரிமைச் செலவினங்கள். அந்நிதி எந்தக் குடியிருப்பை எட்டியது, எதனைத் தவிர்த்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்பது மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி. குழந்தையின் துணிவைப் புகழ்வதற்கு முன், அதன் தலையிலுள்ள கூடையை இறக்கி வைப்போம்.