இரவு இரண்டு மணிக்குக் கிளம்பாதீர்கள்

கார் வாங்கிய புதிதில் தாம்பரத்திலிருந்து நாங்குநேரிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். 600 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் நான் வண்டி ஓட்டுவது அதுதான் முதல் முறை. "ரெண்டு மணிக்கு எடுத்துட்டா டிராபிக் இருக்காது, வெயில் ஏறுறதுக்குள்ள மதுரையைத் தாண்டிரலாம்" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முந்தின நாள் காலை ஆறு மணிக்கு எழுந்தவன், அலுவலகம் போய் வந்து, பை கட்டி முடித்து, ஒரு மணி நேரம் படுத்துப் புரண்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டியபோது மணி நாலே முக்கால். பின்னால் அம்மாவும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாலையோரக் கோட்டின் மேடுகளில் டயர் ஏறிக் கடகடவென்று அதிர்ந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அதற்கு முந்தைய சில நொடிகள் என்னிடம் இல்லை. கண்ணை மூடியதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தம் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சில நொடிகள்தான்.

உடம்புக்குள் ஓடும் கடிகாரம்

நம் உடம்பில் தூக்கத்தையும் விழிப்பையும் ஆளும் கடிகாரம் ஒன்று மூளைக்குள் இருக்கிறது. இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை அது உடம்பைத் தூக்கத்தின் அடி ஆழத்துக்கு இழுக்கிறது. பகலில் உண்டபின் இரண்டிலிருந்து நாலு மணிவரை இன்னொரு சிறிய சரிவு உண்டு. 'டிராபிக் இல்லாத நேரம்' என்று நாம் தேடிப் பிடிக்கும் நேரம், உடம்பு வேலை செய்ய மறுக்கும் அதே நேரம். சாலை காலியாக இருப்பது நன்மை என்று நினைக்கிறோம். வளைவில்லாத காலிச் சாலையும் ஒரே சீரான இரைச்சலும் தாலாட்டுப் போலத்தான் வேலை செய்கின்றன.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதை ஒத்திருப்பதாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு விதித்திருக்கும் வரம்பே 0.03 சதவீதம்தான். அன்றைக்கு நான் பெரும்பாலும் 22 மணி நேரம் விழித்திருந்தவன். குடித்துவிட்டு ஓட்ட என் குடும்பம் என்னை விட்டிருக்காது. தூங்காமல் ஓட்ட வழியனுப்பி வைத்தது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. நாலு நொடி கண்ணயர்ந்தால், ஓட்டுநர் இல்லாத கார் 100 மீட்டர் ஓடுகிறது. இந்தக் கண்ணயர்வு முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. அடுத்தடுத்துக் கொட்டாவி, கண்ணில் எரிச்சல், கடந்துவந்த ஊரின் பெயர் நினைவில் இல்லாமை, கோட்டுக்குள் வண்டி நிற்காமல் அலைவது, தலை லேசாகத் தொங்கி நிமிர்வது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். 'இன்னும் பத்து கிலோமீட்டர்தான்' என்று தள்ளக்கூடாது.

காபியும் இருபது நிமிடமும்

முகம் கழுவுவது, கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கமே. ஓட்டுநர் ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து 20 நிமிடம் கண்ணை மூடட்டும். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால், தூங்கி எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். எழுந்ததும் பத்து நிமிடம் நடந்து, தலை தெளிந்த பிறகு சாவியைத் தொடலாம். இதுவும் கொஞ்ச தூரத்துக்கான உதவிதான். இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது.

எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியில் தூங்கக்கூடாது. புகைக்குழாயில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுங்கள். ஓடும் வண்டியிலும் ஏசியை மணிக்கணக்கில் உள்காற்றுச் சுழற்சியிலேயே வைத்தால், ஐந்து பேர் விடும் மூச்சுக்காற்று தேங்கி அசதியைக் கூட்டும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும்.

பயணத்தை இரண்டு நாளாகப் பிரியுங்கள்

இப்போது நாங்கள் செய்வது இது. புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு ஒன்பதரைக்கு நான் படுத்துவிடுவேன். பை கட்டுவது அதற்கு முந்தின நாளே முடிந்திருக்கும். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. எட்டேகாலுக்கு விக்கிரவாண்டிப் பக்கம் காலை உணவு. தொழுதூரில் ஒரு நிறுத்தம். பன்னிரண்டு மணிவாக்கில் திருச்சி. அங்கே சாப்பிட்டு, மூன்றரை வரை படுக்க ஓர் இடம். பிறகு மதுரை வரை இரண்டு மணி நேரம்தான். இரவு மதுரையில் தங்கி, மறுநாள் காலை மூன்று மணி நேரத்தில் ஊர். ஓர் அறை வாடகை கூடுதல் செலவு என்று அண்ணன் சொல்வார். அந்தச் செலவை நான் மருத்துவச் செலவாகவே எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பதினைந்து நிமிடம், வண்டியில் இருக்கும் எல்லாரும் இறங்க வேண்டும். முதல் பயணம் என்றால் ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஓட்டுநர் சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை போடுபவராக இருந்தால், அது தூக்கம் தருமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

பின் சீட்டிலும் பெல்ட்

நம் கார்களில் பின் சீட்டு பெல்ட்டின் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. கிளம்புவதற்கு முந்தின நாள் அவற்றைத் தோண்டி வெளியே எடுங்கள். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாதுகாப்பாகக் கட்டாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது.

முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. மோதல் நேரத்தில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரியும் வேகம் பெரியவர்களுக்காகக் கணக்கிடப்பட்டது. சிறு பிள்ளைகளுக்குப் பின் சீட்டில் குழந்தை இருக்கைதான் சரி. கர்ப்பிணிகள் இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே தொடைகளோடு சேர்த்துப் போட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் தேங்காயையும் தூக்குவாளியையும் பின் கண்ணாடித் தட்டில் வைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் அவை பின் சீட்டில் இருப்பவர் தலையைத்தான் தேடி வரும்.

பிள்ளைகளுக்கு வரும் வாந்தி

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது. செல்போனைப் பார்க்கும் கண் 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக மாறுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இது அதிகம். போனைப் பிடுங்கினால் மட்டும் போதாது. தூரத்து மலையையோ சாலையையோ பார்க்க வையுங்கள், பேச்சுக் கொடுங்கள். வெறும் வயிறும் கூடாது, திணித்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். காரில் தொங்கும் வாசனைப் புட்டியைக் கழற்றிவிடுங்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே கொடுத்தால்தான் பலன். பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டு மட்டும் கொடுங்கள். அது தூக்கம் தருவதால் ஓட்டுநருக்கு ஆகாது.

தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற பயத்தில், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரும் பெண்கள் எத்தனை பேர்! என் அம்மா அப்படித்தான் வந்தார். ஊர் சேர்ந்த மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலும். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி திறக்கின்றன. வயதானவர்களுக்கு நீர்வற்றி மயக்கமும் வரும்.

இது அவர்கள் தனியாகத் தீர்க்க வேண்டிய சிக்கல் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பவர் கழிப்பறையை வைத்தே அதைத் தீர்மானிக்க வேண்டும். சுங்கச்சாவடிகளிலும் பெரிய பெட்ரோல் பங்குகளிலும் கழிப்பறை உண்டு. பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம், கப்பலூர் என்று சாவடிகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம். ஒரு குவளை, ஐந்து லிட்டர் கேன், சோப்பு, நாப்கின் எல்லாம் ஒரு தனிப் பையில் எப்போதும் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மாத்திரைப் பை

நீர் பிரியும் பிரஷர் மாத்திரையைப் பயண நாளில் தாமாகவே விட்டுவிடும் பெரியவர்கள் உண்டு. விடக்கூடாது. நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இன்சுலினை டேஷ்போர்டில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே சூடு ஏறினால் மருந்து கெட்டுவிடும். ஐஸ்கட்டி நேரடியாகப் பட்டு உறைந்தாலும் கெடும். ஈரத்துணி சுற்றிய சிறு டப்பா அல்லது குளிர்ப்பை போதும். அதே காருக்குள் குழந்தையை விட்டுவிட்டு 'ஒரு நிமிடம்' என்று கடைக்குப் போவதும் அதே ஆபத்துதான்.

ஓட்டுபவர் இன்சுலின் போடுபவராக இருந்தால் புறப்படும் முன்பும், வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே ஓரம்கட்டி மூன்று தேக்கரண்டி சர்க்கரை சாப்பிட வேண்டும். அளவு சரியாகி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஸ்டியரிங்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழமான ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கலாம். பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் டாக்டரிடம் போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108. நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

கட்டுச்சோறு

புளியோதரையும், மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லியும் கெடாமல் வருவதற்குக் காரணம் உண்டு. புளிப்பும் எண்ணெயும் கிருமியைத் தள்ளிப்போடும். தேங்காய்ச் சட்னியும் சாம்பாரும் அப்படியில்லை, இரண்டு மணி நேரத்தில் சந்தேகத்துக்குரியவை. தயிர்ச்சோறு என்றால் பால் கூட்டிப் பிசைந்து, மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஓட்டுநர் மதியத்தில் பிரியாணியை நிறையச் சாப்பிட்டால், பகல் இரண்டு மணிச் சரிவு இன்னும் ஆழமாகும்.

திரும்பி வரும் நாள்

போகும்போது எல்லாரும் கவனமாக இருக்கிறோம். விபத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று நான் அஞ்சுவது திரும்பும் பயணத்தைத்தான். கல்யாண வீட்டு அலைச்சல், மூன்று நாள் அரைகுறைத் தூக்கம், அதற்கு மேல் திங்கட்கிழமை அலுவலகம். 'ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுட்டு எடுத்தா காலைல வீட்டுல இருக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள். விடுப்புக் கடிதம் எழுதும்போதே திங்கட்கிழமையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.