செங்கல் சட்டைக்குள் ஒரு மரவீடு

இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் நகரை ஒட்டி மோஸ்லி ஓல்டு ஹால் என்றொரு பழைய பண்ணைவீடு இருக்கிறது. செக்கச்செவேல் என்று செங்கல் சுவர், ஓங்கிய புகைபோக்கிகள். பார்த்த மாத்திரத்தில் விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம் என்று சொல்லிவிடலாம். பாதிதான் சரி. சுவருக்கு வயது சுமார் 150; வீட்டுக்கோ 400-ஐத் தாண்டிவிட்டது.

1600 வாக்கில் கட்டியபோது அது மரவீடு. தூணும் உத்திரமும் பாரத்தைத் தாங்க, இடைவெளிகளை அடைத்துச் சுவராக்கியிருந்தார்கள். 1870 வாக்கில் சுற்றிலும் செங்கல்லை அடுக்கி மூடினார்கள். உள்ளே போனால் பழைய மரச்சட்டம் இன்றும் இருக்கிறது. தரைக்கடியில் ஒரு பொந்தும் இருக்கிறது. 1651 செப்டம்பர் 3-ஆம் தேதி வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படைத்தலைவர் குரோம்வெல்லிடம் தோற்ற மன்னர் இரண்டாம் சார்லஸ், 8-ஆம் தேதி விடியுமுன் இங்கே வந்து சேர்ந்தார். படைவீரர்கள் வாசலில் வந்து விசாரித்தபோது அவரை ஒளித்துவைத்தது அந்தப் பொந்தில்தான். மனிதர் ஆறடிக்கு மேல் உயரம்! எப்படிக் கூனிக் குறுகிக் கிடந்தாரோ.

இப்படிச் செங்கல் சட்டை மாட்டிய மரவீடுகள் இங்கிலாந்துக் கிராமங்களில் நிறையவே உண்டு. செங்கல்லுக்கு அங்கே அவ்வளவு மவுசு. செங்கல் சுடுவது ரோமானியர் கொண்டுவந்த தொழில். அவர்கள் போனதும் சூளைகள் பல நூற்றாண்டுகளுக்கு அணைந்துவிட்டன. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சஃபோக் பகுதியில் எழுந்த லிட்டில் வென்ஹாம் ஹால், மறுபடி செங்கல்லில் கட்டிய முதல் வீடுகளில் ஒன்று. அதற்குப் பிறகும் நெடுங்காலம் செங்கல் சீமான்களின் சரக்காகவே இருந்தது.

குடியானவன் வீட்டுக்குள் செங்கல் முதலில் நுழைந்தது பெரும்பாலும் புகைபோக்கியாகத்தான். அதுவரை கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு எரியும். புகை கூரை வழியே தானாக வழி தேடிக்கொள்ளும். எஸ்ஸெக்ஸ் கிராமம் ஒன்றில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், புதிதாக முளைத்த புகைபோக்கிகளின் எண்ணிக்கையைக் கண்டு ஊர்ப் பெரியவர்கள் வியந்ததை 1577-இல் பதிவு செய்திருக்கிறார். வீட்டின் அமைப்பையே புகைபோக்கி மாற்றியது. 17-ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடுகள் பலவற்றில் வாசற்கதவைத் திறந்தால் எதிரே நிற்பது புகைபோக்கியின் பக்கச்சுவர். இடப்புறம் ஓர் அறை, வலப்புறம் ஓர் அறை. இரண்டின் அடுப்புகளுக்கும் நடுவில் அந்த ஒரே தூண்.

சுவரையும் படிக்கலாம். ஒரு வரி முழுக்கக் கல்லின் நீளப்பக்கம், அடுத்த வரி முழுக்கத் தலைப்பக்கம் தெரிந்தால் அது இங்கிலீஷ் பாண்டு. ஒரே வரியில் இரண்டும் மாறிமாறி வந்தால் ஃபிளெமிஷ் பாண்டு. நம் ஊர் பாலிடெக்னிக் மாணவர்கள் இன்றும் படிக்கும் அதே பெயர்கள்தாம். 1631-இல் கட்டிய கியூ அரண்மனை, இங்கிலாந்தில் இரண்டாம் வகைக்குப் பேர்போன பழைய உதாரணம். பிற்பாடு பண்ணைவீடுகளுக்கும் அந்த மோகம் பரவியது, பல இடங்களில் முகப்புக்கு மட்டும். தெருவில் போகிறவர் பின்சுவரையா பார்க்கப்போகிறார்?

சுவரின் வரிக்குள் அரசாங்கத்தின் வரியும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கப் போர்ச் செலவை ஈடுகட்ட, 1784-இல் ஆயிரம் செங்கல்லுக்கு இரண்டரை ஷில்லிங் வரி போட்டார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரி? கல்லைப் பெரிதாக அறுத்தால் போயிற்று! மீஷம் ஊரின் ஜோசப் வில்க்ஸ், வழக்கமான கல்லைப்போல இரு மடங்குக் கற்களையே அறுத்துத் தள்ளினார். அரசு விழித்துக்கொண்டு பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டது. 1850-இல்தான் அந்த வரி ஒழிந்தது.

மோஸ்லி வீடு 1962-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. செங்கல்லை உரித்து மரவீட்டை வெளியே காட்ட அவர்கள் முனையவில்லை. ஆனால் 1640-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்றைப் பார்த்துத் தோட்டம் போட்டார்கள். சுவரைவிட அது ஏறக்குறைய நூறு வயது இளையது. பார்வைக்கு அதுதான் மூத்ததாகத் தெரிகிறது.