சுண்ணாம்பில் மலரும் மக்காச்சோளம்

காய்ந்த மக்காச்சோளத்தை வெறும் தண்ணீரில் எவ்வளவு நேரம் அவித்தாலும் தோல் இளகாது. உள்ளே மா வெந்துவிடும். சக்கை பல்லில் சிக்கும். அதே தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கரைத்து அவித்தால் மணிகள் பளிச்சென்று மஞ்சளாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் கூடி ஆரத்தி நீர் சிவப்பதுபோல, இங்கும் காரத்தன்மை பட்டே நிறம் மாறுகிறது. ஒரு மணியை எடுத்து விரலிடையே தேய்த்தால் தோல் வழவழவென்று கழன்று வரும்.

மெக்சிக்கோவின் பொசோலே என்ற இறைச்சிச் சூப்புக்கு இந்த மணிகள்தான் உயிர். ஹாமினி என்ற பெயரில், அவித்துத் தகரத்தில் அடைத்தது ரொறன்ரோவின் கென்சிங்டன் மார்க்கெட் பக்கத்து லத்தீன் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும். அவசரத்துக்கு அது போதும். ஆனாலும் ஒரு முறையாவது காய்ந்த வெள்ளை மக்காச்சோளத்தில் தொடங்கிப் பாருங்கள். ஓர் அடுப்பில் இத்தனை வேதியியலைக் கண்ணால் காணும் வாய்ப்பு அரிது.

தோலை இறுக்கிப் பிடித்திருப்பது ஹெமிசெல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். சுண்ணாம்பு நீரின் பிஎச் அளவு ஏறக்குறைய 12. அந்தக் காரத்தில் நாரின் பிணைப்புகள் அறுந்து தோல் பசையாகிவிடுகிறது. கால்சியம் மணிக்குள் இறங்குகிறது. இவற்றைவிடப் பெரியது, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது மாற்றம். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி-3 வைட்டமின் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி மாவுச்சத்து வகைப் பொருள்களோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

இந்த முறை கி.மு. 1500 - 1200 அளவிலேயே குவாத்தமாலாவின் தென்கரையில் இருந்ததாகக் கணிக்கிறார்கள். கொலம்பஸுக்குப் பிறகு மக்காச்சோளம் கடல் கடந்தது. சுண்ணாம்புப் பக்குவம் கூடவே போகவில்லை. மக்காச்சோளத்தையே முக்கிய உணவாக்கிய ஏழைகளின் தோல் வெடித்தது, வயிறு குலைந்தது, புத்தி தடுமாறியது. 1735இல் ஸ்பெயினின் காஸ்பார் கசால் இந்த நோயை விவரித்தார். பின்னர் இத்தாலியில் இதற்குப் பெலாக்ரா என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். உணவுக் குறைதான் காரணம் என்று 1914 முதல் விடாமல் வாதாடியவர் மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர். தேடப்பட்ட சத்து நியாசின்தான் என்பது 1937இல் கொன்ராட் எல்வெஜெமின் ஆய்வில் தெரியவந்தபோது கோல்ட்பெர்கர் உயிரோடு இல்லை.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் உண்டு. தக்காணத்தில் நாட்டுச் சோளமே கதியென்று வாழ்ந்தவர்களுக்கும் பெலாக்ரா வந்தது. ஏன் என்று தேடினார் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். அந்தத் தானியத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணமாகலாம் என்று 1960இல் சக ஆய்வாளர் சிறீகாந்தியாவுடன் சேர்ந்து முன்வைத்தார். ஒரே நோய்க்கு இரு தானியங்கள் இருவேறு வழியில் இட்டுச் செல்லலாம் என்ற அந்தச் சிந்தனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ரொறன்ரோ மண்ணுக்கும் இந்தப் பக்குவம் புதிதல்ல. தமிழர் நிறைந்த ஸ்காபரோவின் கிழக்கில், ரூஜ் ஆற்றோரம், 1660களில் செனெக்கா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. செனெக்காக்களை உள்ளடக்கிய ஹோடனோஷோனி மக்கள் சுண்ணாம்புக்குப் பதிலாகக் கடினமரச் சாம்பலைக் கரைத்து மக்காச்சோளத்தை அவிப்பார்கள். பின்னர் அதற்கென்றே முடைந்த கூடையில் இட்டுத் தோல் போக அலசுவார்கள். சாம்பலும் காரம்தான், வேலையும் அதேதான். கிராண்ட் ஆற்றங்கரையில் அவர்கள் வாழும் சிக்ஸ் நேஷன்ஸில் அந்த மக்காச்சோளச் சூப் இன்றும் கொதிக்கிறது.

வீட்டில் செய்ய அரைக் கிலோ மக்காச்சோளத்துக்கு ஒன்றரை லீட்டர் தண்ணீர், 5 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்புத் தூள். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு கூடவே கூடாது. அலுமினியச் சட்டியையும் காரம் அரித்துவிடும். எவர்சில்வர் பானைதான் சரி. தோல் கழலும்வரை மெல்லக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் தண்ணீர் தெளியும்வரை தேய்த்துக் கழுவுங்கள். ஒவ்வொரு மணியின் அடியிலும் கதிரோடு ஒட்டியிருந்த சிறு கருமூக்கு தெரியும். பொறுமையிருந்தால் அதைக் கிள்ளிவிடுங்கள். அந்த வாசல் வழியே நீர் புகுந்து, மா உப்பி, மணி பூப்போல் விரியும்.

புதுத் தண்ணீரில் அது விரிய மூன்று மணி நேரமாவது ஆகும். எலும்போடு கோழியை வெங்காயம், உள்ளி போட்டுத் தனியே அவித்து, இறைச்சியைப் பிய்த்துக்கொண்டு சாற்றை மக்காச்சோளத்தில் ஊற்றுங்கள். குவாஹில்லோ செத்தல் மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, உள்ளியோடு அரைத்து வடித்துச் சேர்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய் நிறத்தையும் மெல்லிய உறைப்பையும் தரும். உப்புப் போட்டு இருபது நிமிடம் கொதித்தபின் கோழியைப் போட்டு இறக்குங்கள். பரிமாறும்போது மெல்லியதாக அரிந்த கோவா, முள்ளங்கி, பச்சை வெங்காயம், ஒரிகானோ, தேசிக்காய்ப் புளி எல்லாம் மேலே போகும்.